தேக்காத உடல்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்கள் முடிந்து, சோலைக்காடு தொடங்கும் ஓரத்தில் ஒரு சிற்றோடை. பங்குனி வெயிலில் கீழே கம்பம் பள்ளத்தாக்கு தகிக்கும் நாளிலும் அதில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இது எப்படி என்று கேட்டேன். "சோலைக்குள்ள மண்ணு பஞ்சு மாதிரி தம்பி. மழையில குடிச்சு வச்சுக்கிட்டு வெயில்ல விடும்" என்றார். உள்ளே நாலடி நடந்து, ஒரு பிடி இலைமக்கை அள்ளிப் பிழிந்தேன். விரலிடுக்குகளில் தண்ணீர் சொட்டியது.

சோலைக்காடு ஒரு பஞ்சு என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிவந்தவன்தான். உயிருள்ள பஞ்சு ஒன்றைத் தண்ணீருக்குள் பார்த்த பிறகு அந்த உவமையை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. உவமை பொய் என்பதால் அல்ல. அது நான் நினைத்ததைவிட ஆழமானது என்பதால். அதை விளக்க, அந்த ஓடைத் தண்ணீரோடு கீழே இறங்கிப் போக வேண்டும்.

மேகமலை, வருசநாட்டு மலைச்சரிவுகளில் விழும் மழை பல ஓடைகளாக இறங்கி வைகையில் சேர்கிறது. சுருளி வழியாக வருவது முல்லையாற்றோடு கலந்து தேனி அருகே வைகையை அடைகிறது. வைகை அணை, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று 258 கிலோமீட்டர் ஓடி, வழியில் கண்மாய்களை நிரப்பி, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவைத் தொடுகிறது. அங்கிருந்து கிழக்கே கடற்கரையோடு போனால் மண்டபம். பஞ்சுகளின் ஊர் அது.

மண்டபம் கரையில் ஒரு காலைப் பொழுதில், வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரின் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கட்டி கிடந்தது. மேலெல்லாம் ஊசித்துளைகள். நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவில் இரண்டு பெரிய வாய்கள். குனிந்து எடுக்கப் போனேன். "கை வச்சிராதீங்க சார், அரிக்கும்" என்றார். காலால் தள்ளிக் காட்டினார். அழுகத் தொடங்கியிருந்த வாடை. செடியா பிராணியா என்று கேட்டதற்கு, "கல்லுல முளைக்குது, ஆனா கறி நாத்தம் அடிக்குது. நீங்கதான் சொல்லணும்" என்றார். விலங்கியல் அறிஞர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் காண இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

கடற்பஞ்சு ஒரு விலங்கு. ஆனால் விலங்கு என்றதும் நம் மனம் தேடும் எதுவும் அதனிடம் இல்லை. வாய் இல்லை, வயிறு இல்லை, இதயம் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. வலம் இடம் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட உருவம்கூட இல்லை. ஒரே இனம் அலை அடிக்கும் இடத்தில் அப்பளம்போல் பாறையோடு ஒட்டியும், அமைதியான ஆழத்தில் கிளைவிட்டும் வளரும். இதுவரை பெயரிடப்பட்டவை 9,000-க்கும் மேல். பள்ளிப் பாடநூலில் இவற்றுக்குத் துளையுடலிகள் என்று பெயர். அது நல்ல பெயர். பஞ்சு என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

குளியலுக்கு வைத்துக்கொள்ளும் இயற்கைப் பஞ்சு இருக்கிறதே, அது மத்தியதரைக் கடலில் கிடைக்கும் சில இனங்களின் எலும்புக்கூடு. உயிருள்ள சதையை அழுகவிட்டு, அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகு மிஞ்சும் நார்வலை. முற்றிய பீர்க்கங்காயின் சதை போனபின் உள்ளே நார்க்கூடு நிற்பதுபோல. உறிஞ்சித் தேக்கி, பிழிந்தால் விடுவது அந்தக் கூட்டின் குணம், செத்ததன் குணம். உயிரோடு இருக்கும்போது அந்த உடல் ஒரு நொடிகூடத் தண்ணீரைத் தேக்குவதில்லை. அதன் பிழைப்பே தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பதில்தான்.

இதைக் கண்ணால் பார்த்தது ஓர் ஆய்வுக்கூடத் தொட்டியில். கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கைமுட்டி அளவுப் பஞ்சு ஒன்று. பார்த்தால் கல். ஆய்வாளர் ஊசிக்குழலில் பச்சைச் சாயத்தை எடுத்து, அதன் பக்கவாட்டில், தோலுக்கு ஒரு விரற்கடை தள்ளி, மெதுவாக விட்டார். சாயம் பரவவில்லை. பஞ்சை நோக்கி வளைந்தது, தோலில் படிந்தது, மறைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சில நொடிகள். பிறகு உச்சியிலிருந்த வெளிவாயிலிருந்து ஒரு பச்சைத் தூண் விசையோடு எழும்பி, தொட்டியின் மேல்மட்டம்வரை போய் உடைந்தது. கல் என்று நினைத்தது ஊற்றாக இருந்தது.

இதே காட்சியை 1825-இல் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் என்பவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். கடிகாரக் கண்ணாடி ஒன்றில் கடல்நீரை ஊற்றி, அதில் பஞ்சுத் துண்டை வைத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் துளையொன்றைக் குறிவைத்துப் பார்த்தபோது, துகள்களை அள்ளிக்கொண்டு நீர் வெளியே பாய்வது தெரிந்தது. கண் வலிக்கும்வரை பார்த்தார், நிற்கவேயில்லை. துளையுடலிகள் என்பதற்கான லத்தீன் பெயரை இந்தக் கூட்டத்துக்குச் சூட்டியவர் அவர்தான். அவரோடு அந்தக் கடற்கரையில் சுற்றித் திரிந்து உயிரினங்களைப் பார்க்கப் பழகிய மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின்.

*

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு விளக்குவது எளிது. அவர் தினமும் அதைத்தான் செய்கிறார். 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே லோயர் கேம்ப்பில் வந்து விழுகிறது. ஆறாக ஓடி, வாய்க்கால்களாகப் பிரிந்து, வாய்க்கால் கிளைகளாகி, கிளை மடைகளாகி, கடைசியில் வரப்பில் வெட்டிய வாமடை வழியே வயலுக்குள் நுழைகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் இப்படி விளைகிறது. வயலைத் தாண்டிய கழிவு நீர் வடிகாலில் கூடி மறுபடி ஆற்றுக்குப் போகிறது.

பஞ்சின் உடலும் இதேதான். தோலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவை உள்ளே வாய்க்கால்களாகின்றன, வாய்க்கால்கள் கிளைக்கின்றன, கிளைகளின் முடிவில் உருண்டையான சிறு அறைகள். அறைகளிலிருந்து வெளியேறும் நீர் வேறு வாய்க்கால்களில் கூடி, கூடி, ஒரே பெரிய வெளிவாயில் கழிகிறது. எளிய பஞ்சுகளில் இத்தனை கிளை கிடையாது. பூச்சாடி போல ஒரு குழி, அதன் உட்சுவரெல்லாம் வேலைக்காரச் செல்கள். அவை சில சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. சுவரை மடித்து, மடிப்பை மறுபடி மடித்து, ஆயிரமாயிரம் அறைகளாக்கிக்கொண்ட வகைதான் பெரிதாக வளர்கிறது. உலகில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த வகை.

இப்போது வயல் வரப்பில் உட்கார்ந்து ஒன்றைக் கவனிக்கலாம். வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடும். அதே தண்ணீர் வாமடை தாண்டி வயலுக்குள் வந்ததும் நிற்கிறதா நகர்கிறதா என்றே தெரியாது. ஒரு வைக்கோல் துணுக்கைக் கிள்ளிப் போட்டுக் காத்திருந்தால்தான் அது அங்குலம் அங்குலமாக நகர்வது தெரியும். தண்ணீர் குறையவில்லை, அகலம் கூடிவிட்டது, அதனால் வேகம் குறைந்துவிட்டது. நெல்லுக்கு வேண்டியது அந்தத் தாமதம்தான்.

லியூக்கோனியா என்ற சிறு பஞ்சை வைத்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். உயரம் 10 சென்டிமீட்டர், தடிமன் 1 சென்டிமீட்டர். நம் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். அதற்குள் சுமார் 80,000 நுழைவு வாய்க்கால்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள். நுழைவு வாய்க்காலில் தண்ணீரின் வேகம் நிமிடத்துக்கு 6 சென்டிமீட்டர். அறைகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் எல்லாவற்றின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் வாய்க்கால்களைப்போல நூறு மடங்கு. அதனால் அறைக்குள் வேகம் மணிக்கு 3.6 சென்டிமீட்டராக விழுந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு விரற்கடை! அதே தண்ணீர் வெளிவாயை அடையும்போது வேகம் நொடிக்கு 8.5 சென்டிமீட்டர். அறைக்குள் இருந்ததைவிட 8,500 மடங்கு. ஒரு நாளில் அந்த விரலளவு உடல் வழியே போவது 22.5 லிட்டர், ஏறத்தாழ ஒன்றரைக் குடம். அதன் கன அளவைப்போல 2,800 மடங்குக்கும் மேல்.

உள்ளே மெதுவாகப் போக வேண்டியது உணவைப் பிடிக்க. வெளியே விசையாகப் போக வேண்டியது, கழித்த நீரையே திரும்பக் குடிக்காமல் இருக்க. இரண்டையும் ஒரு பொறியாளரும் இல்லாமல், குழாயின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தே சாதிக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது தெவிட்டுவதில்லை.

பிடிக்கும் கை எது? அறைகளின் சுவரில் காலர் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. செல்லின் தலையில் ஒரு நீண்ட கசையிழை. அது இடைவிடாமல் சுழற்றி அடிக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய விரல்கள் வட்டமாக நின்று ஒரு சட்டைக் காலர்போல வேலி கட்டியிருக்கின்றன. கசை அடிக்க, தண்ணீர் வேலியின் இடுக்குகளுக்குள் இழுபடுகிறது. பாக்டீரியா வேலியில் சிக்குகிறது. செல் அதை விழுங்குகிறது. ஒரு தனிச் செல்லின் இழுப்பு ஒன்றுமேயில்லை. கோடிக்கணக்கில் சேரும்போது ஒன்றரைக் குடம் ஆகிறது. இந்த வேலையில் காலர் செல்கள் சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. பவளப்பாறை இடுக்குகளில் வாழும் ஓர் இனத்தில் அவை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிந்து பெருகுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தார்கள். பழைய செல்கள் உதிர்ந்து நீரோடு போகின்றன. அவற்றைப் புழுக்களும் நத்தைகளும் தின்கின்றன. நீரில் கரைந்துபோய், வேறு எந்த வாயும் எடுக்க முடியாத கரிமச் சத்தை இப்படித் திடமான தீனியாக மாற்றித் தருவதால்தான், சத்துக் குறைந்த வெப்பமண்டலக் கடலில் பவளப்பாறைகள் இத்தனை உயிர்களைத் தாங்குகின்றன என்று அவர்கள் 2013-இல் எழுதினார்கள்.

சோலைக்குத் திரும்புகிறேன். மழை சோலைக்குள் விழும்போது ஒரே ஓடையாக ஓடுவதில்லை. இலையில், பாசியில், மக்கில், வேர்த்தடத்தில், மண்புழு துளையில் என்று கோடி வழிகளாகப் பிரிகிறது. பிரியப் பிரிய அகலம் கூடுகிறது. அகலம் கூடக்கூட வேகம் விழுகிறது. மார்கழியில் நுழைந்த தண்ணீர் பங்குனியில் ஓடைக்கு வருகிறதென்றால் அது உள்ளே தேங்கிக் கிடக்கவில்லை. மணிக்கு இரண்டு விரற்கடை என்பதுபோல நடந்து வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா சொன்னது சரி. சோலை பஞ்சேதான், கடையில் விற்கும் பஞ்சு அல்ல, கடலில் வாழும் பஞ்சு.

*

வாய்க்கால் முறையில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். பஞ்சுக்கு அப்படி ஒருவர் இல்லை. மூளையோ நரம்போ இல்லாத உடலில் கட்டளை எங்கிருந்து வரும்? பல பஞ்சுகளில் ஒவ்வொரு நுண்துளையையும் சுற்றியிருக்கும் செல் தானே சுருங்கி அடைத்துக்கொள்ளும். மடையே நீர்ப்பாய்ச்சியாக இருக்கிறது. ஆனால் உடல் முழுதும் ஒன்றுகூடிச் செய்யும் காரியங்களும் உண்டு. நன்னீர்ப் பஞ்சின் மேல் வண்டலைத் தூவினால் அது மெதுவாக உப்பும், வாய்க்கால்கள் விரியும், பிறகு ஒரே மூச்சாகச் சுருங்கி எல்லாவற்றையும் வெளியே தள்ளும். முடிய அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். ஆய்வாளர்கள் இதைத் தும்மல் என்றே எழுதுகிறார்கள். கரீபியன் கடலின் குழாய்ப் பஞ்சு ஒன்று நுண்துளைகளிலிருந்து சளியை, உள்ளே வரும் நீரோட்டத்துக்கு எதிராகவே, வெளியே தள்ளிச் சேர்ப்பதை 2022-இல் படம்பிடித்தார்கள். நமக்கும் அதற்கும் பொதுவான முன்னோர் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம். மூக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தும்மல் வந்துவிட்டது.

இந்த உடல் எவ்வளவு தளர்வான கூட்டு என்பதை 1907-இல் அமெரிக்காவில் எச். வி. வில்சன் காட்டினார். சிவப்புக் கடற்பஞ்சு ஒன்றை மாவு சலிக்கும் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து, கடல்நீரில் தனித்தனிச் செல்களாக உதிரவைத்தார். தொட்டியின் அடியில் செந்தூள் படிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் தூள் ஊர்ந்துகொண்டிருந்தது. செல்லும் செல்லும் தொட்டு, ஒட்டி, சிறு உருண்டைகளாகி, உருண்டைகள் சேர்ந்து பாளமாகி, நாள் செல்லச்செல்ல அதற்குள் வாய்க்காலும் அறையும் வெளிவாயும் உண்டாயின. இரண்டு இனங்களைக் கலந்து பிழிந்தால் பெரும்பாலும் அந்தந்த இனச் செல்கள் பிரிந்து தத்தம் இனத்தோடு சேரும் என்பது பின்னால் தெரிந்தது. தன்னை அடையாளம் கண்டு பிறனை விலக்கும் வேலை, நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் செய்வது, இங்கே தொடங்கிவிட்டது.

இப்படிச் சிதறிச் சேர முடிவதற்குக் காரணம் ஆதிச்செல்கள். தோலுக்கும் அறைச் சுவருக்கும் இடைப்பட்ட கூழில் இவை அமீபாபோல் ஊர்ந்து திரிகின்றன. காலர் செல் விழுங்கியதை வாங்கிச் செரித்து மற்றவற்றுக்குக் கொண்டு கொடுப்பவை இவையே. தேவைப்படும்போது வேறு எந்தச் செல்லாகவும் மாறிக்கொள்பவையும் இவையே. முட்டையும் பல இனங்களில் இவற்றிலிருந்து உண்டாகிறது. விந்தணுவோ காலர் செல் உருமாறி வருவது. விந்தணுக்கள் வெளிவாயிலிருந்து புகைபோல எழும். பக்கத்துப் பஞ்சு அதை உணவைப்போலவே உள்ளிழுக்கும். ஆனால் அங்கே பிடிக்கும் காலர் செல் அதைத் தின்பதில்லை. தன் காலரையும் கசையையும் இழந்து, விந்தணுவைச் சுமந்துகொண்டு கூழுக்குள் ஊர்ந்து போய் முட்டையிடம் சேர்க்கிறது. பிறக்கும் குஞ்சு சில மணி முதல் சில நாள்வரை நீந்தும். பஞ்சின் வாழ்நாளில் நீந்தும் சுதந்திரம் அவ்வளவுதான். பிறகு ஒரு கல்லைத் தேர்ந்து, முகம் குப்புற ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

*

அந்த மண்டபத்துக்காரர் சொன்ன அரிப்புக்கு வருகிறேன். கரையில் காய்ந்து கிடக்கும் பஞ்சிலிருந்து ஒரு பட்டாணி அளவு துண்டைக் குச்சியால் கிள்ளி, கண்ணாடிக் குப்பியில் போட்டு, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். ஓரிரு மணி நேரத்தில் சதையெல்லாம் கரைந்து, அடியில் வெள்ளைத் தூசி படிந்தது. தண்ணீரால் பலமுறை கழுவி, ஒரு சொட்டைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தேன். தூசி அல்ல, கண்ணாடி ஊசிகள். இரு முனையும் கூரானவை, குண்டூசிபோல் ஒரு பக்கம் தலையுள்ளவை, இடையிடையே சின்னஞ்சிறு கொக்கிகள். நூற்றுக்கணக்கில் ஒளியைப் பிடித்து மின்னின. தோலில் குத்தி அரிப்பது இவைதான்.

நுண்முள் என்று நாம் சொல்லலாம். பெரும்பாலான பஞ்சுகளில் இது சிலிக்கா, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். ஒரு கூட்டத்தில் மட்டும் சுண்ணாம்பு. நாம் கண்ணாடி செய்ய மணலை ஆயிரம் பாகைக்கு மேல் காய்ச்சுகிறோம். பஞ்சோ கடலில் கரைந்திருக்கும் துளி சிலிக்காவைக் குளிர்ந்த நீரிலேயே கோத்துக் கண்ணாடி வார்க்கிறது. ஊசியின் நடுவே ஓடும் புரத இழைதான் அதைச் செய்யும் நொதி என்று கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 1998-இல் கண்டார்கள். ஆழ்கடலில் வாழும் கண்ணாடிப் பஞ்சுகள் இந்தக் கலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயின. மோனோராஃபிஸ் என்ற இனம் மூன்று மீட்டர்வரை நீளும் ஒரே ஓர் ஊசியை வளர்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. இனத்தைப் பிரித்தறிய நிபுணர்கள் நம்புவதும் இந்த ஊசிகளைத்தான்; நிறமும் உருவமும் மாறும், ஊசி மாறாது.

மன்னார் வளைகுடாப் பஞ்சுகளின் ஊசிகளை இப்படித் தொடக்கக் காலத்தில் பார்த்தவர்களில் ஒருவர் ஆர்தர் டெண்டி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்கே சேகரித்து அனுப்பியவற்றை ஆராய்ந்து 1887-இலும் 1889-இலும் எழுதினார். இலங்கை முத்துக்குளிப்புப் படுகைகளை ஆராய 1902-இல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சேகரித்ததையும் அவரே 1905-இல் விவரித்தார். பிறகு மண்டபத்தின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பி. ஏ. தாமஸ் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகள் இதே வேலையாக இருந்து, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 275 இனங்களைப் பதிவு செய்தார். நுண்ணோக்கியில் ஊசிகளை எண்ணி அளந்து வரைந்து கழிந்த ஒரு வாழ்க்கை. இன்று அந்தக் கடலில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று பேசுவதற்கு நமக்கு ஓர் ஆரம்பக் கணக்கு இருப்பது அதனால்தான்.

ஓட முடியாத, ஓடு இல்லாத இந்த உடல் எதிரிகளைத் தாங்குவது ஊசிகளாலும் விஷங்களாலும். அந்த விஷங்கள் நமக்கு மருந்தாயின. ஃபுளோரிடா கடற்கரைப் பஞ்சு ஒன்றில் 1950-ஐ ஒட்டி வெர்னர் பெர்க்மன் கண்ட விசித்திரமான வேதிப்பொருள்களைப் பார்த்துச் செய்ததுதான் சைட்டாரபின். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றாக இருக்கிறது. புற்றுநோய் வார்டில் சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த மருந்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழுப்புக் கட்டி நினைவுக்கு வரும்.

எல்லாப் பஞ்சும் எல்லாருக்கும் நல்லது செய்வதில்லை. கிளியோனா என்ற துளைக்கும் பஞ்சு பவளத்தையும் முத்துச்சிப்பியையும் அரித்துச் சல்லடையாக்கும். அது குடைந்த ஓடு கையில் அழுத்தினால் நொறுங்கும். டெர்பியோஸ் என்ற கரும்பஞ்சு உயிருள்ள பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்து கொல்லும். மன்னார் வளைகுடாவிலும் அதைப் பார்த்துவிட்டார்கள். கடல் சூடாகி, 2016-இல் இங்கே பவளங்கள் வெளிறிச் செத்தபோது, காலியான இடங்களைப் பிடிக்கக் காத்திருப்பவற்றில் இவையும் உண்டு. ஆனால் பஞ்சுக்கே பெரிய எதிரி வண்டல். தும்மித் தள்ளுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. மலையில் சோலையை வெட்டினால், தண்ணீர் பிரிந்து நடக்காமல் கூடி ஓடும்; ஓடுகிற தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். வைகை அணையில் பாதியில் படியும் அந்த மண்ணைப் பற்றி நாம் பேசுகிறோம், அணை கொள்ளளவு குறைகிறது என்று கவலைப்படுகிறோம். மடைக்கல்லின் அடியில் நுண்துளை அடைபட்டுச் சாகிற ஓர் உயிரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மடைக்கல் என்று சொன்னது உவமைக்கு அல்ல. பஞ்சுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் நன்னீரில் வாழ்கின்றன. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர் 1840களில் அங்குள்ள குளங்களில் இவற்றைப் பார்த்து ஆராய்ந்தார். இந்தியக் குளங்களில் பரவலாகக் காணப்படும் யூனேபியஸ் கார்ட்டெரி அவர் பெயரைத் தாங்கியது. 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தை உருவாக்கிய நெல்சன் அனன்டேல், அதற்கு ஐந்தாண்டு முன்பே நம் நாட்டு நன்னீர்ப் பஞ்சுகளுக்கு ஒரு நூல் எழுதியிருந்தார். மூழ்கிய கருவேலங்கிளை, மதகுச் சுவர், கல்லின் நிழற்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். வெளிச்சம் படும் இடத்தில் பச்சையாக இருக்கும், உள்ளே பாசி குடியிருப்பதால். நிழலில் வெளிறிய சாம்பல். தடவினால் மெல்லிய மணல்தாள்.

கடலுக்கு வற்றல் என்பது இல்லை. கண்மாய்க்கு உண்டு. சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்க, பஞ்சு தன் உடலைக் கைவிடத் தொடங்குகிறது. ஆதிச்செல்கள் சத்தை நிரப்பிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கூடி, கசகசா அளவில் உருண்டைகளாகின்றன. சுற்றிலும் கெட்டியான நார்ச்சுவர். சுவரில் பதித்த கண்ணாடி ஊசிகள். ஒரு புறம் மட்டும் அடைத்த சிறு வாசல். ஜெம்யூல் என்று பெயர். மற்ற சதையெல்லாம் செத்து உதிர்கிறது. காய்ந்த கண்மாயில் ஆடு மேய்க்கும்போது மரக்கிளையில் பழுப்புப் பொருக்காக, புள்ளிபுள்ளியாக ஒட்டியிருப்பது அதுவாக இருக்கலாம். வெயில் கொளுத்தும்; புழுதி படியும்; சில ஆண்டுகள் மழையே பெய்யாமலும் போகும்.

ஐப்பசியில் மலையில் மழை பிடித்து, வாய்க்கால் வழி வந்த புதுத்தண்ணீர் ஒரு நாள் அந்தக் கிளையை நனைக்கிறது. இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு வாசல் திறந்து செல்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளியே வருகின்றன. மரப்பட்டைமேல் மெல்லிய ஏடாகப் படர்கின்றன. ஏட்டுக்குள் சில செல்கள் கசையை வளர்த்துக்கொண்டு வட்டமாக அமர்கின்றன. அறைகளுக்கு நடுவே இடைவெளிகள் விழுந்து வாய்க்கால்களாகின்றன. அந்த வாரம் முடிவதற்குள், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஒரு குழல், மில்லிமீட்டர் உயரத்தில், ஏட்டிலிருந்து எழுந்து நிற்கிறது. அதன் முனையிலிருந்து, துகள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் வெளியே வருகிறது.